சிவப்புக் கயிற்று விறகும் பச்சைக் கயிற்று விறகும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமாகவும் யோசனை எக்கச்சக்கமாகவும் இருந்தபோது, ஒரு ராஜாவுக்குத் திடீரென்று தாராள குணம் வந்துவிட்டது. அவருக்கு அது ஜலதோஷம் மாதிரி. எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்த வேகத்தில், தம்மை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த விகடகவி கொன்றையப்பனுக்குக் கோட்டைத் தெருவில் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டார்.

கொன்றையப்பன் அதுவரை வாடகைக்குக் குடியிருந்தவன். கல்யாணமான நாள் முதல் அவன் மனைவி செங்கமலம் அடுத்தவர் வீட்டுக் கொல்லையில்தான் சமைத்தாள். புகை வந்தால் வீட்டுக்காரி இருமிக் காட்டுவாள். புகை வராவிட்டால், இன்றைக்குச் சமையல் இல்லையா என்று அக்கறையாக விசாரிப்பாள். சொந்த அடுப்பு என்று கேட்டதும் செங்கமலம் அழுதேவிட்டாள்.

"இந்த வீட்டையாவது உங்க வாயால கெடுத்துடாதீங்க" என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் பால் பொங்கினால்தான் வீடு சொந்தம். அந்த முதல் அடுப்பில் யாருடைய விறகு எரிகிறதோ, அவரிடமிருந்துதான் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் விறகும் விளக்குக்கு எண்ணெயும் வாங்க வேண்டும். ஆளை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாதாம். யார் சொன்னது என்று கேட்டால், விறகு விற்கிறவர்கள்தான் சொன்னார்கள்.

விற்கிறவர்கள் இரண்டே பேர். பிரதானி நல்லநாதரின் விறகு சிவப்புக் கயிற்றில் கட்டி வரும். தளவாய் இரணசிங்கரின் விறகு பச்சைக் கயிற்றில் வரும். என் விறகு தென்மலையில் விளைந்தது, புகையே வராது என்று பிரதானி தண்டோரா போடுவார். என் விறகு கீழ்க்காட்டு வெயிலில் காய்ந்தது, சாம்பலே மிஞ்சாது என்று தளவாய் போடுவார். சபையில் இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அவ்வளவு பகை. ஆனால் கோமாளி ஒருவன் கோட்டைத் தெருவில் குடியேறுவதா என்ற ஆத்திரத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமையாகிவிட்டார்கள். சேர்ந்தே போய் ராஜாவின் காதைக் கடித்தார்கள்.

ராஜாவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. தாராள குணம் அதற்குள் போய்விட்டிருந்தது.

"கொன்றையப்பா, சிவப்பு, பச்சை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை என்கிற சிறப்பு எதுவோ, அதைக் கொண்டே நாளைக் காலை என் கண்முன் பாலைப் பொங்க வை. ராகுகாலம் தொடங்குமுன் பொங்காவிட்டால் வீடு எம்மிடம் திரும்பிவிடும்."

சிவப்பு என்றால் தளவாய் எழுந்து மறுப்பார், பச்சை என்றால் பிரதானி எழுந்து மறுப்பார். எப்படியும் வீடு போகும். கொன்றையப்பனுக்கு அது புரிந்துவிட்டது. இதை எந்த வாயால் செங்கமலத்திடம் சொல்வது?

சரி, சரக்கையாவது பார்ப்போம் என்று சிவப்புக் கடைக்குப் போனான். அங்கே அவன் காதில் பிரசங்கம்தான் விழுந்தது, விறகைக் கண்ணில் காட்டவில்லை. பச்சைக் கடையிலும் அதே கதை. கடைகள் இருப்பது வேறு வேறு தெருக்களில். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், இரண்டுக்கும் கொல்லை ஒன்றேதான். நடுவில் ஒரே குவியலாக விறகு கிடந்தது. ஓர் அம்மாள் இரண்டு நிறக் கயிறுகளை வைத்துக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் செவப்பா, பச்சையா சாமி?" என்று அவள் நிமிராமலே கேட்டாள்.

"ரெண்டிலயும் ஒவ்வொரு கட்டு குடும்மா" என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொன்றையப்பன் வழியெல்லாம் சிரித்தபடியே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை ராஜா வந்தார். கூடவே சபையும் வந்தது. செங்கமலம் பால் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொன்றையப்பன் இரண்டு கட்டுகளையும் அவிழ்த்தான். விறகை ஓர் ஓரமாகக் குவித்தான். கயிறுகளை மட்டும் சுருட்டி அடுப்பில் வைத்துப் பற்றவைத்தான்.

கயிறு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். ராஜா இருமினார். சபை முழுவதும் மரியாதையாகச் சேர்ந்து இருமியது. பால் அசையவில்லை. ராகுகாலம் நெருங்குகிறது என்று பிரதானி கவலையோடு நினைவூட்டினார்.

"என்ன விளையாட்டு இது?" என்று ராஜா சீறினார்.

"தங்கள் ஆணைதான், பிரபு. ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை என்பதைக் கொண்டு பொங்க வைக்கச் சொன்னீர்கள். நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கயிறு ஒன்றுதான் அகப்பட்டது. விறகிலும் வித்தியாசம் உண்டென்றால், இதோ குவியல். பெரியவர்கள் அவரவர் விறகைப் பொறுக்கிக்கொள்ளட்டும்."

பிரதானி ஒரு கட்டையை எடுத்தார். அதே கட்டையைத் தளவாயும் பிடித்தார். இருவரும் இழுத்த இழுப்பில் அது நழுவி ராஜாவின் காலடியில் விழுந்தது. அதன் பட்டையில் சிங்க முத்திரை இருந்தது. அரண்மனைக் காட்டு மரங்களுக்குக் காவலர்கள் போடுகிற முத்திரை அது. அதைச் செதுக்கிவிட வேண்டும் என்று அந்த இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை. ராஜா எந்தக் காலத்தில் குனிந்து விறகைப் பார்த்தார்?

இப்போது பார்த்தார். அரண்மனைச் சமையல்கட்டுக்கு வருவதும் சிவப்புக் கயிற்று விறகுதான். அந்த வாசம் வேறெதற்கும் வராது என்று விருந்தாளிகளிடமெல்லாம் பெருமை பேசியவர் அவர். முகம் சிவந்துவிட்டது.

"இதில் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை, பிரபு" என்றான் கொன்றையப்பன். "தங்கள் காட்டு விறகு எவ்வளவு உசத்தியாக இருந்தால், தாங்களே விலை கொடுத்து வாங்குவீர்கள்?"

ராஜா ஒரு கணம் அவனை முறைத்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அந்தக் கட்டையைத் தம் கையாலேயே எடுத்து அடுப்பில் செருகினார். ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பால் பொங்கி வழிந்தது. செங்கமலம் வாய்விட்டு அழுதாள்.

முதல் விறகு ராஜாவுடையது. ஆகவே வழக்கப்படி, ஆயுசுக்கும் இந்த வீட்டுக்கு விறகும் எண்ணெயும் கொடுக்க வேண்டியவர் ராஜாதான் என்று கொன்றையப்பன் பணிவாக எடுத்துச் சொன்னான். ராஜா மறுபடி சிரித்து, வீட்டோடு அதையும் பரிசாகக் கொடுத்தார். சுமந்து கொண்டுவந்து போடும் பொறுப்பைப் பிரதானிக்கும் தளவாய்க்கும் ஒப்படைத்தார்.

மறுநாள் இருவரும் தலைச்சுமையோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"அந்த ஓரமா இறக்கிடுங்க" என்றாள் செங்கமலம். "கயித்த மட்டும் அவிழ்த்து எடுத்துட்டுப் போயிடுங்க. அது உங்க சரக்கு."