அன்னப்போஸ்ட்டு

கோரைக்குளத்துக்குத் தொடர்ந்து மூன்று முறை கொக்குதான் தலைவர். மூன்று முறையும் அன்னப்போஸ்ட்டு. அப்படியென்றால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, "அன்னப் பறவைக்குன்னே ஒதுக்கின போஸ்ட்டுப்பா. நான் அன்னத்துக்குப் பங்காளி. என் வெள்ளையைப் பார்த்தாலே தெரியலையா?" என்றது கொக்கு. குளமே தலையாட்டிவிட்டது. நம்புவதற்கும் ஒரு அளவு வேண்டாமா!

இந்த நாலாவது தேர்தலுக்கு முன் கொக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தது. "நான் பதவியேற்ற மறுநாள் மடையைத் திறக்கிறோம். குளத்தைச் சுத்தம் பண்ணணும்." தலைவர் சொன்னால் நண்டுகள் மடையைத் திறந்துவிடும். தண்ணீர் வற்றினால் மீன்கள் சேற்றில் கிடந்து துள்ளும், கொக்குக்கு விருந்து. இது எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

நீர்க்கோழி ஓடிப்போய் முட்டைகளை எண்ணிப் பார்த்தது. கோரைப் புல்லுக்கு நடுவே, தண்ணீர் மேல் அதன் கூடு. உள்ளே ஐந்து முட்டை. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். தண்ணீர் இறங்கினால் நரி கால் நனையாமல் கூட்டுக்கே நடந்து வந்துவிடும்.

அன்றுதான் தேர்தலில் நிற்கப் பேர் கொடுக்கக் கடைசி நாள். நீர்க்கோழி தவளையிடம் ஓடியது. "அண்ணே, நீங்க நின்னா என்ன?"

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு தங்கச்சி."

காலையிலிருந்து கத்தித் தீர்த்த தவளை பேசுகிற பேச்சா இது? நீர்க்கோழி கெளுத்தி மீனிடம் போனது.

"நான் நின்னா கொக்கு என்னை முழுங்கிடும்மா. அதுவுமில்லாம அது அன்னப்போஸ்ட்டு. நாமெல்லாம் நிக்க முடியாது" என்றது கெளுத்தி.

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. கூட்டை விட்டு நீர்க்கோழி இவ்வளவு நேரம் வெளியே இருந்ததில்லை. முட்டை என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ என்று மனம் அடித்துக்கொள்ள, தேர்தல் அதிகாரி ஆமையிடம் போய் நின்றது.

"ஐயா, அன்னப்போஸ்ட்டுக்கு அன்னம்தான் நிக்கணுமா?"

ஆமை தலையை வெளியே நீட்டியது. "எவன் சொன்னான்? எதிர்த்து ஒருத்தரும் நிக்கலைன்னா, ஓட்டே போடாம ஜெயிச்சதா அறிவிப்போம். அதுக்குப் பேர்தான் அன்னப்போஸ்ட்டு. நீங்க யாரும் வரலை, அது ஜெயிச்சுது. அவ்வளவுதான்."

நீர்க்கோழிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அப்ப நான் நிக்கிறேன். என் பேரை எழுதிக்கங்க."

"முன்மொழிய ஒருத்தர் வேணுமே" என்றது ஆமை. "பொழுது சாயறதுக்குள்ள வரணும்."

அங்கேயே ஒற்றைக்காலில் நின்றிருந்த கொக்கு, அலகை மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது. "வரட்டும். யாருன்னு நானும் பார்க்கிறேன்."

ஒருவரும் வரவில்லை. சூரியன் பாதி மறைந்துவிட்டது. யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன் என்று நீர்க்கோழியின் நெஞ்சு கிடந்து தவித்தது.

தண்ணீர் சலசலத்தது. கெளுத்தி தலையைத் தூக்கியது. மீசையெல்லாம் நடுங்க, "நான் முன்மொழியறேன்" என்றது. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது கொக்கால் கொத்தவா முடியும்?

அப்புறமென்ன, கொக்கு முதல்முறையாக ஓட்டுக் கேட்டுக் கரை கரையாக அலைந்தது. போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "மடையைத் திறந்தா நாங்க எங்கே போறது தலைவரே?" கொக்கு தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த கரைக்குப் பறந்தது.

நாலாம் நாள் ஓட்டு எண்ணினார்கள். கொக்குக்கு இரண்டே ஓட்டு. ஒன்று அதனுடையது. இன்னொன்று யாருடையது என்று கேட்டால் தவளை மட்டும் வேறு பக்கம் பார்க்கிறது.

தலைவரான நீர்க்கோழி மடையைத் திறக்க விடவில்லை. ஐந்து முட்டையும் பொரிந்து, ஐந்து குஞ்சுகளும் நிறைந்த தண்ணீரில் நீந்தின.

நீதி: நம் ஊர்ப் பொறுப்புக்கு நாமே முன்வந்து நிற்காவிட்டால், நம்மைக் கெடுப்பவர் போட்டியே இல்லாமல் அதில் உட்கார்ந்துகொள்வார்.