பின்சீட்டில் மணல் மூட்டை

பதில் தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே கையைத் தூக்காதீர்கள். இந்தக் கதையில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான்.

கோயம்புத்தூரில் தாமோதரசாமி என்று ஒருவர். அவரிடம் பழைய மோரிஸ் கார் ஒன்று இருந்தது. அதைத் துடைக்கிற துணியைக்கூட வேறு யாரும் தொடக்கூடாது. அவருடைய மனைவி சுகுணா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து முதுகு சரியில்லாதவள். குலுங்கினால் உயிர் போய்விடும் அவளுக்கு. காரில் போவதென்றால் பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ள வேண்டும்.

சுகுணாவின் ஒரே தங்கை சரளா குன்னூரில் இருந்தாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கையை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், சுகுணாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

"ஏங்க, ஒரு டாக்சி புடிச்சுப் போயிட்டு வந்துரலாமுங்க," என்றாள்.

"ஊட்ல காரை வெச்சுக்கிட்டு வாடகைக் கார்லயா? பாக்கறவன் என்ன நெனப்பான்?" என்றார் தாமோதரசாமி. "பின்னாடி ஸ்பிரிங்கை மாத்திட்டாப் போதும். பஞ்சுமெத்தை மாதிரி போலாம்."

மோரிஸின் பின்சக்கரங்களுக்கு மேலே இருந்தவை அந்தக் காலத்து இரும்புப் பட்டைகள். குழியில் இறங்கினால் தூக்கிப்போடும். அவற்றைக் கழற்றிவிட்டு, வெளியூரிலிருந்து வரவழைத்த சுருள் ஸ்பிரிங்குகளைப் பொருத்தும் வேலை மெக்கானிக் இஞ்ஞாசியிடம் போனது. சாமான் வரவே நாளாயிற்று. வந்தது பொருந்தவில்லை. பிடிமானத்தை வெட்டி ஒட்டி, மறுபடி வெட்டி ஒட்டி, ஒருவழியாகப் பொருத்தினார். இதற்கிடையில் குன்னூரிலிருந்து போன் வந்தபடி இருந்தது. அக்கா எப்போது வருவாள் என்பதைத் தவிர சரளா வேறெதுவும் கேட்கவில்லை.

இஞ்ஞாசி அரைகுறையாக வேலை செய்பவர் அல்ல. சுகுணாவைப்போல இரண்டு மடங்கு எடைக்குப் பழைய இரும்பைப் பின்சீட்டில் ஏற்றி மருதமலைப் பாதையில் ஓட்டினார். வளைவுகளில் வேகமாகத் திருப்பினார், இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இனி உடையாதுங்க சார். அதுக்கு நான் கேரண்டி. மலைரோட்டுல குலுங்குதான்னு மட்டும் ஒருக்காப் பாத்துட்டா, அம்மாவைக் கூட்டிட்டுப் போயிரலாம்," என்றார்.

மறுநாள் காலையில் சுகுணா புடவை மாற்றி, தங்கைக்குப் பிடித்த கோதுமை அல்வாவைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு கார் அருகே வந்து நின்றாள். பின்சீட்டில் இரண்டு மணல் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் அவளை எடைமெஷினில் ஏறி நிற்கச் சொன்னது எதற்காக என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மூட்டை எதுக்குங்க? நானே வர்றேன். வலிச்சாச் சொல்றேன்," என்றாள்.

"உன்னைய வெச்சா சோதிச்சுப் பாக்கறது? இன்னிக்கு மூட்டை போகட்டும், நாளைக்கு நீ போ," என்றார் கணவர். இஞ்ஞாசியும், "சார் சொல்றது சரிதானுங்கம்மா," என்றார். சுகுணா தூக்குப்போசியோடு உள்ளே போனாள்.

முன்சீட்டில் இரண்டு ஆண்களும் பின்சீட்டில் இரண்டு மூட்டைகளுமாக மோரிஸ் குன்னூர் ஏறியது. சரளா வீட்டுக்குக் கீழ் வளைவில் தாமோதரசாமி வழக்கம்போல ஹாரன் அடித்தார். அந்த ஹாரன் சத்தம் சரளாவுக்குத் தெரியும்.

"அக்கா வந்துட்டா. என்னைய உக்கார வைங்க," என்றாள்.

தலையணைகளை அண்டக்கொடுத்து அவளை உட்கார வைத்தார்கள். அவளுடைய மகன் கீழே ஓடினான். பெரியப்பா காருக்கு அடியில் படுத்து ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா இருக்க வேண்டிய இடத்தில் மூட்டைகள் இருந்தன.

"கையெல்லாம் கிரீஸுடா. நாளைக்கு உம் பெரியம்மாவோட வர்றேன்னு அம்மாகிட்டச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கொஞ்சமும் குலுங்கவில்லை என்று இறங்கும்போது இருவருக்கும் ஒரே பூரிப்பு.

அன்று இரவே சரளா போய்விட்டாள்.

சாவுக்குச் சுகுணா டாக்சியில்தான் போனாள். யாரையும் கேட்காமல் அவளே வரவழைத்தாள். துக்க வீட்டில் பேச்சு எழுந்தது. "வலியில்லாம அவளைக் கூட்டிட்டு வரோணும்னுதான் இத்தனையும் பண்ணினேன்," என்றார் தாமோதரசாமி. "சோதிக்காத வண்டியில மனுசரை ஏத்த மாட்டேனுங்க," என்றார் இஞ்ஞாசி. உறவுக்காரர்கள் சுகுணாவைப் பார்த்து, "இன்னிக்குப் புடிச்ச டாக்சிய அன்னிக்கே புடிச்சிருக்கலாமல்ல?" என்றார்கள்.

கணவர் மனைவியின் வலிக்குப் பயந்தார். மெக்கானிக் அவள் உயிருக்குப் பயந்தார். மனைவி கணவரின் பேச்சைத் தட்டப் பயந்தாள். சொல்லுங்கள், அந்தக் காலையில் கார் அருகே நின்ற மூவரில் யார் செய்தது சரி?

விடை: சுகுணா கேட்டதுதான் சரி. வண்டி உடையுமா என்ற சோதனை மருதமலையிலேயே முடிந்துவிட்டது. இஞ்ஞாசியே கேரண்டி கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது வலிக்குமா என்பது மட்டும்தான். அதை மணல் மூட்டை சொல்லாது. சொல்லக்கூடியவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, வலித்தால் சொல்கிறேன் என்றும் சொன்னாள். அவளைத்தான் இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே அனுப்பினார்கள். தாமோதரசாமி அன்று சோதித்தது தன் காரை. மனைவியின் முதுகு அதற்கு ஒரு சாக்கு. டாக்சியை முன்பே பிடித்திருக்கலாமே என்ற உறவுக்காரர்களுக்கு, முதல் நாளே அவள் கேட்டதே டாக்சிதான் என்பது தெரியாது. சாவுக்கு அவள் போன டாக்சி குன்னூர் போய்ச் சேரும்வரை குலுங்கிக்கொண்டுதான் போனது. வலிக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.