கனவில் வந்த கடவுச்சொல்

கடற்கரையில் ஒரு குடில். படகுகளுக்குக் காற்று நிலவரம் சொல்லும் சின்ன வானொலி அங்கே இருந்தது. அதை இயக்கியது ஒரு பழைய கணினி. கணினியைப் பார்த்துக்கொண்டவர் சீடர் தணிகாசலம். அவருடைய குரு மரகதத்துக்கோ அவர் மகளின் வயதுதான்.

ஒரு மதியம், பாதித் தூக்கத்தில், கனவில் கேட்ட சொல்லையே தன் நிர்வாகிக் கணக்குக்குப் புதுக் கடவுச்சொல்லாக வைத்தார் தணிகாசலம். 'இதை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது' என்று சிரித்துக்கொண்டே கணினியை மூடிவிட்டு மறுபடி படுத்தார். எழுந்தபோது சொல் போயிருந்தது.

மாலையில் கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. தெற்கே மட்டும் ஒரு கருப்பு. புயல்காற்று வருகிறதென்று செய்தி வந்துவிட்டது. கணினி திறக்கவில்லை.

கணவனைக் கடலுக்கு அனுப்பியிருந்த சம்பூரணம் வாசலில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, வானொலியில பேச்சையே காணோம்?"

"இரும்மா, யோசிக்கிறேன்."

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள காத்து கரைக்கே வந்துரும்."

தணிகாசலம் பின்கட்டுக்கு ஓடினார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தொலைச்ச சொல்லை எப்படி மீட்கிறது?"

"எதையெல்லாம் போட்டுப் பார்த்தீங்க?"

"குலதெய்வம், பேத்தி பேரு, செத்துப்போன பசுமாட்டுப் பேருகூட."

"பசுவும் வரலையா?"

"வரலைம்மா."

குரு கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். திரையில் இரண்டு பெயர்கள் மங்கலாக மிதந்தன. கீழே தணிகாசலம். மேலே மரகதம். குருவின் பெயராயிற்றே என்று தணிகாசலம் அதன்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை.

குரு அதைத் தொட்டார். கணினி ஒன்றும் கேட்காமல் திறந்தது.

வானொலி இரைந்தது. சம்பூரணம் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டாள். "ஏங்க, காத்து வருது! வலை கிடக்கட்டும், எல்லாரையும் கூட்டிட்டுத் திரும்புங்க!"

தூரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக, தூக்கத்தில் புரள்வதுபோல, கரைப்பக்கம் திரும்பின. அவள் அழுதுகொண்டே அவற்றைப் பார்த்து நின்றாள்.

குரு தன் கணக்கில் இருந்தபடியே தணிகாசலத்தின் பழைய கடவுச்சொல்லை நீக்கினார்.

"வேற சொல் போடுங்க. இந்தத் தடவை முழிச்சுக்கிட்டே."

தணிகாசலம் விசைப்பலகையைத் தொடவில்லை.

"உங்களுக்கும் நிர்வாகி உரிமை இருந்துச்சாம்மா?"

"முதல் நாளிலிருந்தே."

"பூட்டே போடாம வச்சிருக்கீங்களே, யாராவது உள்ளே நுழைஞ்சுட்டா?"

குரு கீரைப் பக்கம் நடந்தார்.

"நீங்களே நுழையலையே."