பிறர் துணையின்றி

முன்னொரு காலத்தில் குன்றையூரை வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் அதை மறந்துவிடுவான்.

அவன் அவையில் ஓலை எழுதும் பதவி காலியானது. கோட்டை வாசலில் ஏழைகளுக்கு மனு எழுதித் தரும் ஆவுடையின் எழுத்து பிடித்துப்போய், அவளை அழைத்தான். பிறந்ததிலிருந்து அவளுக்கு நடக்க வராது. சக்கரம் வைத்த பலகையில் அமர்ந்து, கையால் உந்திக்கொண்டு வந்தாள். அவைக்கு ஏறப் பதினோரு படிகள். பலகை அங்கேயே நின்றது.

அந்தப் பதவியைத் தன் மருமகனுக்குக் கேட்டிருந்த தளவாய் செங்கண்ணன் மேலிருந்து சிரித்தான். "பிரபு, பிறர் துணையின்றி ஏறி வருபவருக்கே அவையில் இடம். அது முன்னோர் வழக்கம். பாவம், ஒரு படி அரிசி கொடுத்து அனுப்பிவிடலாம்."

ஆவுடைக்கு முகம் சுட்டது. அந்தப் 'பாவம்' அவள் கேட்டுச் சலித்த சொல். இன்று திரும்பினால் ஆயுளுக்கும் வாசல் வெயில்தான்.

"அரிசி வேண்டாம், பிரபு. நாளை ஒருநாள் அந்த வழக்கத்தை எல்லோரும் கடைப்பிடியுங்கள். பிறகு நான் எதுவும் கேட்க மாட்டேன்."

"இவ்வளவுதானா? அப்படியே ஆகட்டும்!"

மறுநாள் பல்லக்கு இல்லை. அரசன் கனத்த உடையோடு படியேறி மூச்சு வாங்கினான். சிங்காசனமோ இடுப்பளவு உயரம். ஏறும் முக்காலியும் இல்லை, தோள் கொடுக்கும் சேவகனும் இல்லை. இருமுறை எம்பினான், கிரீடம் உருண்டது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. கிழ அமைச்சர் ஊன்றுகோல் இல்லாமல் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லையிலிருந்து அவசர ஓலை வந்தது. செங்கண்ணன் அதைத் தலைகீழாகப் பிடித்தபடி விழித்தான். வழக்கமாகப் படித்துச் சொல்லும் ஆள் அருகில் இல்லை.

"படியுமய்யா தளவாய்!"

"வெளிச்சம் போதவில்லை, பிரபு..."

"நடுப்பகலிலா?"

கீழிருந்து ஆவுடை சொன்னாள்: "பிரபு, உங்களுக்கு முக்காலி, அமைச்சருக்குக் கோல், தளவாய்க்கு ஓர் ஆள். அதெல்லாம் மரியாதை. எனக்கு ஒரு சரிவுப் பாதை கேட்டால் மட்டும் பாவமா?"

அரசன் தானே கீழிறங்கி வந்தான். "பின்வாசலில் கட்டச் சொல்கிறேன்."

"முன்வாசலில், பிரபு."

அவன் தலையசைத்தான். "முன்வாசலிலேயே. செங்கண்ணா, கல் சுமப்பவர்களோடு நீயும் போ."

பாதை முடிந்த அன்று ஆவுடை மேலே வந்து எழுத்தாணியைக் கையில் எடுத்தாள். பின்னாலேயே மனுக் கொடுக்க ஒரு கூட்டம் ஏறியது. கண் தெரியாத குயவர், மகன் தள்ளிவந்த வண்டியில் ஒரு கிழவி, ஒற்றைக்காலோடு ஒரு பழைய போர்வீரன்.

அரசன் திகைத்தான். "இத்தனை பேரும் என் ஊரிலா இருந்தார்கள்?"

"வாசலில்தான் இருந்தோம், பிரபு" என்றாள் ஆவுடை. பிறகு குயவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்கள் பேர் சொல்லுங்கள்."