விலை சொன்ன வீடு

கேளுங்கள். கடல் இன்று இருப்பதைவிட ஊருக்கு நெருக்கமாக இருந்த காலம் அது. ஆழித்துறை என்ற நகரை ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன். குடிகள் அழுதால் அவனுக்குத் தூக்கம் வராது.

அந்நகரில் வீட்டுக்கு வரி உண்டு. அதிகாரிகள் வருவார்கள். கூரையைப் பார்ப்பார்கள், வாசலைப் பார்ப்பார்கள், கடைசியில் வீட்டுக்காரனின் கையைப் பார்ப்பார்கள். கையில் ஏதாவது வைத்திருந்தவனின் மாளிகை குடிசையாகும். வைத்திராதவனின் குடிசை மாளிகையாகும்.

குடிகள் முறையிட்டார்கள்.

"வரி கட்டுகிறவர்கள் நீங்கள். முறையையும் நீங்களே சொல்லுங்கள்" என்றான் அரசன்.

ஊர் முழுவதும் சந்தைத் திடலில் கூடியது. வாசல்களை எண்ணலாம் என்றான் தச்சன் ஒருவன். "வாசலை அடைத்துவிட்டுச் சுவரேறிக் குதிப்பார்கள்" என்று சிரித்தார்கள். மனையை அளக்கலாம் என்றான் ஓர் உழவன். "அளக்கும் கோல் யார் கையில்?" என்றார்கள். மூன்றாவதாக எழுந்தவன் உப்பு வணிகன் பொன்னரங்கன்.

"அவரவர் வீட்டுக்கு அவரவரே விலை சொல்லட்டும். அந்த விலைக்குத் தக்க வரி. குறைத்துச் சொல்பவன் மாட்டிக்கொள்வான். ஏனென்றால் அந்த விலையோடு யார் வந்தாலும் வீட்டைக் கொடுத்தாக வேண்டும்."

செக்காட்டும் ஒருவன் கத்தினான்: "அடேயப்பா! அப்படியானால் எங்கள் தெரு வட்டிக்காரர் மாளிகையை நாளைக்கே நான் வாங்குகிறேன். இத்தனை வருஷமாக அது மாட்டுக்கொட்டகை என்றல்லவா கணக்கு!"

திடல் சிரித்தது. கைகள் உயர்ந்தன. பானை வனையும் செம்பாயியும் கை தூக்கினாள். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செம்பாயி தனியாள். துறையைப் பார்த்த மண்வீடு அவளுடையது. மகன் மாசாணன் கப்பலேறிப் போய்ப் பல மழைக்காலம் கடந்துவிட்டது. திரும்பினால் அந்த வாசலுக்குத்தான் வருவான். விலை கேட்டபோது, தன்னால் எவ்வளவு வரி கட்ட முடியும் என்று யோசித்து, அதற்குத் தக்க சிறிய விலையைச் சொன்னாள்.

சில நாட்களில் பொன்னரங்கன் அந்த விலையோடு வந்து நின்றான். துறையருகே அவனுக்கு ஓர் உப்புக் கிடங்கு வேண்டியிருந்தது.

செம்பாயி அரசவைக்கு ஓடினாள்.

"விலை கேட்டார்கள் அரசே, சொன்னேன். விற்கிறேன் என்று நான் சொல்லவில்லையே."

"நீயும் கை தூக்கினாய் அல்லவா, அம்மா?"

"தூக்கினேன்."

"பிறகு ஏன் குறைத்துச் சொன்னாய்?"

"கட்ட முடிந்ததைச் சொன்னேன். என் பிள்ளை வரும் வாசலுக்கு என்ன விலை சொல்வது? சொன்னாலும் அதற்கு வரி கட்ட எங்கே போவேன்?"

"கூடக் கொஞ்சம் தருகிறேன், தாயே" என்றான் பொன்னரங்கன். அவன் கொடியவன் அல்ல. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஊர் கூடிச் செய்த சட்டத்தை ஒருத்திக்காக மீறினால் நாளை சட்டமே இராது என்று அரசன் எண்ணினான். தலை குனிந்தபடி தீர்ப்புச் சொன்னான்.

வீடு இடிந்தது. கிடங்கு எழுந்தது. பிறகு கூடை முடைபவனின் வீடு போயிற்று. பிறகு படகோட்டியின் வீடு. பிறகு ஒரு தெருவே போயிற்று. மாளிகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாளிகைக்காரர்களால் பெரிய விலை சொல்ல முடிந்தது, அதற்கான வரியையும் கட்ட முடிந்தது.

அரசனுக்கு அப்போதுதான் புரிந்தது. மறுபடி ஊரைக் கூட்டினான். "இம்முறை வீடு இழந்தவர்கள் முதலில் பேசட்டும்" என்றான். செம்பாயியை அழைத்துவர ஒரு காவலன் போனான்.

அவள் கிடங்குச் சுவரின் நிழலில், துறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அரசர் கூப்பிடுகிறார், ஆத்தா. புது முறை செய்யப் போகிறார்களாம். நீ பேசாமல் தொடங்க மாட்டாராம். வா, போய்விட்டு உடனே வந்துவிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் அங்கே பேசிக்கொண்டிருக்கும்போது அவன் இங்கே வந்துவிட்டால்?" என்றாள்.

ஆகவே, ஊரே கை தூக்கிச் செய்த சட்டமானாலும், அதனால் இழக்கப்போகிறவரை முதலில் கேளாமல் செய்தது நியாயம் ஆகாது.