ஆடுகிற தரை

"தரை ஆடுது சாமி," என்றார் வைரக்கண்ணு.

சொல்லும்போதே பக்கத்திலிருந்த சவுக்கு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆள். முப்பது வருஷம் கடலில் படகு ஓட்டியவர். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

சாமி கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கடலோரச் சவுக்குத் தோப்பில் குடிசை போட்டுக்கொண்டு, தேடி வருகிறவர்களையெல்லாம் வெறுங்காலோடு மண்ணில் நிற்கச் சொல்வார். நின்றால் மனசு அடங்கும் என்று ஊருக்குள் பேச்சு. டவுனிலிருந்துகூட கார் வைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

"எப்பலேருந்து ஆடுது?"

"படகு கவுந்ததுலேருந்து. நாப்பது நாளாச்சு. மூணு நாள் தண்ணியில கெடந்தேன். கரைக்கு வந்த பெறகும் ஆட்டம் நிக்கல. படுத்தா பாய் ஆடுது. சோறு திங்க ஒக்காந்தா தட்டு ஆடுது. டாக்டர்கிட்ட காமிச்சேன். காதுல ஒண்ணும் இல்லேங்குறாரு."

"கடலுக்குப் போறீங்களா?"

"கரையிலயே நிக்க முடியாதவன் கடலுக்கு எப்புடி சாமி போறது?"

"செருப்பைக் கழட்டுங்கண்ணே. நில்லுங்க."

நின்றார்.

ஒரு நாள் இல்லை, செருப்பே போடாமல் வந்து பதினோரு நாள் நின்றார். விடிந்ததும் ஈர மண்ணில். உச்சி வெயிலில் சுடுமணலில். பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, என்ன நிம்மதி, என்ன நிம்மதி," என்று சொல்லிக்கொண்டே நிற்பார். வைரக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு மண்ணிடமிருந்து ஒரு நிம்மதியும் வரவில்லை. கால்தான் வெந்தது.

பன்னிரண்டாம் நாள் சாமி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணி ஆடுதா?"

வைரக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"ஆடல."

"தரை?"

"ஆடுது."

"தரை ஆடுனா தண்ணி சிந்தணுமே."

வைரக்கண்ணு யோசித்தார்.

"அப்ப ஆடுறது நான்தானா?"

"அப்படித்தான் தெரியுது."

"சரி. புரிஞ்சுபோச்சு," என்று எழுந்தவர் உடனே மரத்தைப் பிடித்தார். "புரிஞ்ச பெறகும் ஆடுதே சாமி?"

சாமி சொம்புத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சாமி அவரை நிற்கச் சொல்லவில்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குப்பம் எந்தப் பக்கம்ணே?"

"தெக்கே."

"கால் தடம் வடக்கேருந்து வருதே?"

வைரக்கண்ணு திரும்பிப் பார்த்தார். ஐந்து விரலும் அழுந்தப் பதிந்த அவருடைய தடம்தான். இன்றைக்குப் பதிந்தது, நேற்றுப் பதிந்தது, எல்லாமே வடக்கிலிருந்துதான் வந்திருந்தன.

"தோப்பைச் சுத்தி வர்றேன்."

"கோயில் தெரு வழியா வந்தா?"

"பத்து நிமிஷம்."

"சுத்தி வந்தா?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"நிக்க முடியாத மனுஷன், தெனமும் ஒரு மணி நேரம் நடந்து வர்றீங்க."

வைரக்கண்ணு பக்கத்திலிருந்த தடத்தைக் காலால் அழித்தார்.

"நாளைக்கு கோயில் தெரு வழியா வாங்க."

"அது மட்டும் வேணாம் சாமி. வேற எதுன்னாலும் சொல்லுங்க. நாள் பூரா சுடுமணல்ல நிக்கிறேன்."

"வேற எதுவும் எனக்குத் தெரியாதேண்ணே," என்றார் சாமி.

வைரக்கண்ணு தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தலைவலி என்று போனவனிடம் எந்தக் கடையில் முடி வெட்டுகிறாய் என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆட்டம் காலில். இந்தச் சாமி ஏன் தெருவைப் பற்றிப் பேசுகிறார்? இவருக்கு ஏதாவது தெரியுமா? யார் சொல்லியிருப்பார்கள்? சொல்ல ஒருத்தரும் இல்லையே!

கோயில் தெருவில் மூன்றாவது வீடு அஞ்சப்பனுடையது. கவிழ்ந்த படகில் இருந்தவர்கள் இரண்டு பேர்தான், வைரக்கண்ணுவும் அஞ்சப்பனும். கரை சேர்ந்த அன்றைக்கு ஊரே சூழ்ந்துகொண்டு கேட்டபோது வைரக்கண்ணு, "அலையில பிரிஞ்சுட்டோம். அவனை வேற படகு ஏத்தியிருக்கும்," என்று சொல்லிவிட்டார். அது பொய். அந்தப் பொய்யை நம்பி அஞ்சப்பன் மனைவி அமிர்தவல்லி படகு வரும் நேரமெல்லாம் கரையில் வந்து நின்றாள். சொந்தக்காரர்கள் கருமாதி என்று வாயெடுத்தால், "அண்ணன் சொல்லியிருக்காரு" என்று அடக்கிவிடுவாள்.

மூன்று நாள் வைரக்கண்ணு வீட்டைவிட்டு நகரவில்லை.

நான்காம் நாள் காலை கோயில் தெருவுக்குள் நுழைந்தார். தரை அதுவரை ஆடாத ஆட்டம் ஆடியது. கப்பல் தளத்தில் நடப்பதுபோல் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார். திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தார். திரும்பிப் போகவும் பயமாக இருந்தது.

அமிர்தவல்லி வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. ஏன் வெறுங்காலோட வர்றீங்க?"

"தங்கச்சி, அஞ்சப்பன் வரமாட்டான்."

அவள் கையிலிருந்த கருவாட்டைக் கூடையில் வைத்தாள்.

"நான் சொன்னது பொய். பிரியல நாங்க. ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் என்கூடத்தான் இருந்தான். ஒரே காலி டீசல் கேனைப் புடிச்சுக்கிட்டு மெதந்தோம். அவனுக்குத் தெம்பு போயிடுச்சு. நான் அவன் கையைப் புடிச்சிருந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் பாத்தா கை இல்ல."

"நழுவுச்சா? விட்டுட்டீங்களா?"

கரை சேர்ந்த நாளிலிருந்து வைரக்கண்ணு தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இன்னொருவர் வாயால் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தெரியல தங்கச்சி. சத்தியமாத் தெரியல. நழுவிடுச்சுன்னு ஒரு நேரம் தோணுது. நான்தான் விட்டுட்டேனோன்னு ஒரு நேரம் தோணுது. எத்தனை தடவை நெனச்சுப் பாத்தாலும் அந்த எடம் மட்டும் தெரியல."

அவர் வாய்விட்டு அழுதார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அமிர்தவல்லி அழவில்லை.

"நீங்க இந்தத் தெருப்பக்கமே வரலங்கறப்பவே எனக்குத் தெரியும்ணே," என்றாள். "நீங்களே வந்து சொல்ற வரைக்கும் நம்பக் கூடாதுன்னு இருந்தேன்."

கூடையை நகர்த்திவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எந்தக் கை?"

வைரக்கண்ணுவுக்குப் புரியவில்லை.

"எந்தக் கையால புடிச்சிருந்தீங்க?"

வலது கையை நீட்டினார். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அடிக்கட்டும் என்றுதான் நீட்டினார்.

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகத் தடவினாள். பிறகு அதைத் தன் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வைரக்கண்ணு கையை இழுக்காமல், வேறு எதையும் பிடிக்காமல் நின்றார்.

"கடைசியா அவரைத் தொட்ட கை," என்றாள்.