பராமரிப்பு: இரண்டாயிரம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்துமூன்று. இருவருக்குமே இதில் கூச்சம் இல்லை.

குருவின் பெயர் சலேத்மேரி. ஆம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். சின்னக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பார். மெத்தை தைக்கிறவர், ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர், கோழித்தீவனம் விற்கிறவர், இப்படி.

சீடர் மாசிலாமணி இருபது வருடம் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து அடித்துக் கொடுத்தவர். பத்திரிகை எல்லாம் போனுக்குள் போய்விட்டது. நாமும் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம் என்று மாடி ஏறி வந்தவர். குருவை அவர் டீச்சர் என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

திங்கட்கிழமை காலையில் சலேத்மேரி வேறு வேலையைத் தொடமாட்டார். டீ பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். தான் செய்து கொடுத்த முப்பத்தொரு வெப்சைட்டையும் ஒவ்வொன்றாகப் போனில் திறப்பார். வாடிக்கையாளர்கள் பெயர், ஊர், போன் நம்பர், என்ன வேண்டும் என்று எழுதி அனுப்புவதற்கு ஒரு கட்டம் இருக்குமே, அதில் தன் பெயரைப் போடுவார். "மேரி. சுகமா?" என்று எழுதி அனுப்புவார்.

கடைக்காரர்கள் பதில் போடுவார்கள். சுகம். இங்கே மழை. பேத்தி பிறந்திருக்கிறாள். பதில் வராத கடைக்கு மத்தியானம் போன் போகும்.

"ஜெபமாலை முடிஞ்சுதா டீச்சர்?" என்பார் மாசிலாமணி.

"இன்னும் நாலு பாக்கிண்ணா."

மாசிலாமணிக்கு அது ஒரு வேடிக்கை.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை மாசிலாமணி வேடிக்கை பேசவில்லை. மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இனாயத்துல்லா பாய் வெப்சைட்டை நிறுத்தச் சொல்லிட்டார் டீச்சர்."

இனாயத்துல்லா ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தோல் வெட்டியவர். அதை விட்டுவிட்டுத் தனியாகச் சின்னக் கடை போட்டார். ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு, சர்க்கரையில் விரல் போனவர்களுக்கு, போலியோ வந்தவர்களுக்கு, அந்தந்தக் காலுக்கென்று செருப்பு செய்கிற கடை. போன வருடம் மாசிலாமணி யார் துணையும் இல்லாமல் முதன்முதலாகச் செய்த வெப்சைட் அவருடையதுதான்.

"ஏன் நிறுத்தணுமாம்?"

"ஒரு வருஷத்துல ஒருத்தர்கூட வரலையாம். பக்கத்துத் தெரு ஆளுங்களை வெச்சுக் கடை நடத்த முடியாதாம். தையல் மெஷினை வித்துட்டுக் கம்பெனிக்கே திரும்பிப் போறாராம்."

"ம்."

"என்கிட்ட ஒண்ணு கேட்டார் டீச்சர். 'மாசி, உண்மையைச் சொல்லு, இதுக்கு நெசமா எவ்வளவுதான் ஆகும்? நான் கம்மியாக் குடுத்துட்டேனா, அதான் யாரும் வரலையா?' அப்படின்னார். எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லுங்க. உண்மையில எவ்வளவு ஆகும்?"

சலேத்மேரி கையை நீட்டினார். மாசிலாமணி காகிதத்தைக் கொடுத்தார். அடுத்த வருடத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. வெப்சைட் பெயருக்கு ஆயிரத்து நூறு. அதை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு மூவாயிரத்து இருநூறு. பராமரிப்பு இரண்டாயிரம். மூன்றுக்கும் குறுக்கே பாய் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

"இந்த ரெண்டாயிரத்துக்கு என்னண்ணா பண்ணுவீங்க?"

"பராமரிப்பு."

"அதான், என்ன?"

"கெட்டுப் போனா சரி பண்றது."

"போன வருஷம் கெட்டுப் போச்சா?"

"ஒரு தடவைகூட இல்லை டீச்சர்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சலேத்மேரி போனை எடுத்தார். பாயின் வெப்சைட்டைத் திறந்தார். அதில் கடையின் போன் நம்பர் கிடையாது. கையில் எப்போதும் பசை, எழுதிக் கேட்கட்டும் என்று பாய்தான் வேண்டாம் என்றிருந்தார். சலேத்மேரி கட்டத்தில் எழுதினார். மேரி. சுகமா? அனுப்பியதும் திரையில், மாசிலாமணி பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அழகான எழுத்தில் பதில் வந்தது. 'நன்றி. விரைவில் தொடர்பு கொள்கிறோம்.'

"பாய்க்குப் போன் போட்டு, வந்துதான்னு கேளுங்கண்ணா."

போட்டார்.

"இன்னா வரணும்?" என்றார் பாய்.

"மெயில் பாய். இப்போ ஒண்ணு வந்திருக்கும் பாருங்க."

"கரண்ட் பில்லு வந்திருக்கு. வேற ஒண்ணும் இல்லியே."

மாசிலாமணி போனை வைத்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வெப்சைட்டின் உள்பக்கத்தைத் திறந்து, எழுதி அனுப்புவது எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்தார்.

அங்கே இருந்தது பாயின் முகவரி அல்ல.

வெப்சைட் செய்யும்போது எழுதி எழுதிச் சோதித்துப் பார்க்க வேண்டும். பாய்க்கு அத்தனை தொந்தரவு எதற்கென்று தானே ஒரு மெயில் முகவரி உண்டாக்கி அதைப் போட்டிருந்தார். முடிந்ததும் எடுத்துவிட்டுப் பாயின் முகவரியைப் போட வேண்டும். முடிந்த அன்று பாய் ஒரு டப்பா நிறைய அல்வா கொண்டுவந்தார். சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை நினைவுபடுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. திறந்தார்.

அடியில் அவரே அவருக்கு அனுப்பிக்கொண்டவை. டெஸ்ட். டெஸ்ட். மாசிலாமணி, எப்படிடா இருக்கே.

அதற்கு மேலே, காலையில் மேரி எழுதியதைத் தவிர்த்து, நாற்பத்தொன்று.

'அப்பாவுக்குச் சர்க்கரை. கட்டைவிரல் எடுத்தாச்சு. செருப்பு காலில் நிற்க மாட்டேன் என்கிறது. செய்து தருவீர்களா? போளூர்.'

'ஐயா, போன வாரமும் எழுதியிருந்தேன்.'

'எனக்குக் கல்யாணம். வலது கால் ஒன்றரை இஞ்ச் குறைவு. மேடையில் நிற்க வேண்டும். ஜூன் 9.'

ஒன்றில் ஒரு படம் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்த இரண்டு சின்னப் பாதங்கள். கீழே எழுதியிருந்தது: 'பாப்பா பேர் பூவிதா. ஆறு வயசு. எடது கால் குட்டை. கூச்சத்துல காலை இழுத்துட்டா, அதான் விரல்கிட்ட கோடு வளைஞ்சு இருக்கு. மன்னிக்கவும். அஞ்சுகம், சோளிங்கர்.'

தேதி, போன அக்டோபர்.

மாசிலாமணி திரையை அணைத்தார்.

"அட்ரஸை இப்பவே மாத்திடறேன் டீச்சர். இனிமே வர்றது பாய்க்குப் போயிடும். இதெல்லாம் பழசு. அழிச்சிடலாம். பாய்க்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார்."

சலேத்மேரி அணைந்த திரையையே பார்த்தார்.

"இத்தனை நாளா யாரு டீச்சர் காத்துட்டு இருக்கப்போறாங்க?"

"தெரியலையேண்ணா. ஒருத்தரைக் கேளுங்க."

ஃபேன் ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பி மறுபடி அந்தப் பக்கம் போனது.

"உங்களுக்கு இப்படி ஆகியிருக்கா?"

"ஒரு தடவை. அந்தக் கடை இப்போ இல்லை."

மாசிலாமணி திரையைத் திரும்பப் போட்டார். சோளிங்கர் நம்பருக்கு அடித்து, ஆம்பூர் செருப்புக் கடைக்காகப் பேசுவதாகச் சொன்னார்.

"செருப்புக் கடையா?" என்றது ஒரு பெண்குரல்.

"நீங்க ஒரு அளவு வரைஞ்சு அனுப்பியிருந்தீங்க."

"அது ஆகாதுங்க. வளர்ந்துட்டா."

"இப்போ எப்படிம்மா நடக்கறா?"

"பழைய செருப்போட அடியை வெட்டி ஒண்ணுமேல ஒண்ணா மூணு ஒட்டியிருக்கோம். வாரத்துக்கு ரெண்டு தடவை பிச்சுக்கும். ஸ்கூல்ல எட்டடுக்கு மாளிகைன்னு கூப்பிடறாங்களாம். சிரிச்சிக்கிட்டுதான் சொல்றா."

மாசிலாமணி திரையில் இருந்த இரண்டு பாதங்களையும் பார்த்தார்.

"நீங்க பதில் போடலியா, நான்தான் தப்பா எழுதிட்டேன்னு நினைச்சேங்க. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன்."

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்கம்மா."

"செஞ்சு தருவீங்களா?"

"கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோது சலேத்மேரி கீழே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாற்பத்தொன்றையும் தாளில் எடுத்திருந்தார். ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்து, முடிச்சுப் போட்டு மேஜையில் வைத்தார்.

"நீங்களும் வர்றீங்களா டீச்சர்?"

"நீங்க போயிட்டு வாங்கண்ணா."

பாய் கடையில் தோலும் பசையும் மணத்தன. மாசிலாமணி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அல்வாவையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தாள்களைக் கொடுத்தார்.

பாய் துணியில் கையைத் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளிலிருந்து படித்தார். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. கல்யாணப் பெண்ணின் தாளில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார்.

"மாசி."

"சொல்லுங்க பாய்."

"ஒரு வருசமா யாரும் வரலியா. நான் இன்னா நினைச்சேன் தெரியுமா? அல்லா எல்லாருக்கும் காலைச் சரி பண்ணிட்டான் போலன்னு நினைச்சேன். நஷ்டம்தான், ஆனா நல்லதுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

மாசிலாமணி தரையைப் பார்த்தார். தரையில் வெட்டிப் போட்ட தோல் துண்டுகள் கிடந்தன.

"திட்டிடுங்க பாய்."

"திட்டலாம். அதுக்கு நேரம் இருக்கு." பாய் மெஷினைப் பார்த்தார். "இதை வாங்கிக்க வேலூர்லேருந்து ஆளு வெள்ளிக்கிழமை வரான். சோளிங்கர் பொண்ணை வியாழக்கிழமை வரச் சொல்லு."

வியாழக்கிழமை அஞ்சுகம் பூவிதாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். மாசிலாமணி கடையிலேயே காத்திருந்தார். பூவிதா மூன்றடுக்குச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். பாய் கீழே உட்கார்ந்து தாளை விரித்தார். அவள் காலை மேலே வைக்கச் சொல்லிப் பென்சிலைச் சுற்றி ஓட்டினார். விரல்கிட்ட வந்ததும் அவள் சிரித்துக் காலை இழுத்தாள். கோடு வளைந்தது.

"அதே இடத்துல," என்றார் அஞ்சுகம்.

தன் பர்சிலிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாளை எடுத்தார். போன அக்டோபரில் படம் பிடித்து அனுப்பிய அதே தாள். ஏன் வைத்திருந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பாய் புதிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழையதை அதன்மேல் வைத்தார். ஒரு பாதத்துக்குள் இன்னொரு பாதம் தெரிந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சில் பருமனுக்கு ஓர் இடைவெளி. அதை மூன்று பேரும் பார்த்தார்கள். பூவிதா மட்டும் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதைத் தொடாதே," என்றார் அஞ்சுகம்.

"தொடட்டும். அது இங்கேதான் இருக்கப்போவுது," என்றார் பாய்.

மாசிலாமணி அந்த வாரம் முழுக்கப் போனும் கையுமாக இருந்தார். எழுதியவர்களில் பதினேழு பேர் எடுத்தார்கள். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். போளூர்க்காரரின் அப்பா ஆடி மாதம் இறந்துபோயிருந்தார். "பரவாயில்லைங்க, கூப்பிட்டீங்களே," என்றார் மகன். கல்யாணப் பெண் சிரித்தார். "தாலி உட்கார்ந்துதானே சார் கட்டுவாங்க. ரிசப்ஷனுக்கு ஒரு கால் அடியில செங்கல் வெச்சுக்கிட்டேன். புடவைக்குள்ள யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும் தெரியும். ரெண்டு மணி நேரமும் என் கையை விடலை அவர்."

அடுத்த திங்கட்கிழமை காலை மாசிலாமணி மாடி ஏறியபோது சலேத்மேரி போனோடு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி ஜெபமாலை என்று சொல்லவில்லை. ஒரு புதுச் சீட்டை மேஜையில் வைத்தார்.

"பாய் திரும்பவும் அதையேதான் கேட்டார் டீச்சர். நெசமா எவ்வளவு ஆகும்னு."

"என்ன சொன்னீங்க?"

"எழுதிக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்."

சீட்டில் பெயருக்கு ஆயிரத்து நூறு இருந்தது. இடத்துக்கு மூவாயிரத்து இருநூறு இருந்தது. மூன்றாவது வரியில் ஒன்றும் இல்லை.

"நாலு நாளா யோசிக்கிறேன். பராமரிப்புன்னு எழுதக் கை வரமாட்டேங்குது. அந்த ரெண்டு தாளையும் பாய் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சாரே, நடுவுல ஒரு வருஷம், அவ்வளவுதான் இடம். அதுக்கு என்ன டீச்சர் போடறது?"

சலேத்மேரி பேனாவை எடுத்தார். மூன்றாவது வரியில், தொகையை விட்டுவிட்டு, 'மாசிலாமணி' என்று எழுதினார். சீட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

மாசிலாமணி தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொகை போடலையே டீச்சர்."

"இன்னிக்கு என்ன கிழமைண்ணா?"

"திங்கள்."

"பாய் சுகமான்னு கேட்டாச்சா?"